டிரைவ் பூஜ்யம், லெவல் ஃபுல்: ஹை கெயின் ஆம்புக்கு முன்னால் எந்தப் பெடல்?

"ஆம்பிலேயே காது கிழியற அளவுக்கு டிஸ்டார்ஷன் இருக்கு, அதுக்கு முன்னாடி இன்னொரு ஓவர்டிரைவ் எதுக்குண்ணா?" என்று கேட்டான், பின் சீட்டில் பெடல் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்த பையன். (ஓவர்டிரைவ் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டி, சத்தத்தை லேசாகக் கரகரப்பாக்கும் சின்னப் பெடல்.) அஸ்தம்பட்டி தாண்டி மலையேற ஆரம்பித்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வந்திருக்கும். இருபதாவது வளைவு வரைக்கும் விளக்கினேன், மண்டையை ஆட்டினானே தவிர ஒன்றும் ஏறவில்லை. மேலே போய்க் காதால் கேட்டதும் பத்து வினாடியில் புரிந்துகொண்டான்.

மேலே என்றால் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட். அங்கே வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் பீவி 6505 ஹெட்டும் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட கேபினெட்டும் இருக்கின்றன. 120 வாட் ட்யூப் ஆம்ப். சேலத்தில் வாடகை வீட்டில் அதன் வால்யூமை இரண்டுக்கு மேல் திருப்பினால் அன்றைக்கே வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். அங்கே கூப்பிடு தூரத்தில் வீடு கிடையாது, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள்தான். (6505 வேறு யாருமில்லை, 1992இல் எடி வான் ஹேலனுக்காக வந்த 5150தான். அவர் பீவியை விட்டுப் போனதும் பெயர் மட்டும் மாறியது.)

முதலில் பெடலே இல்லாமல், டிராப் சியில், அதாவது வழக்கத்தைவிடத் தாழ்வாகச் சுருதி இறக்கிய கிட்டாரை நேராக லீட் சேனலில் (ஆம்பில் டிஸ்டார்ஷன் அதிகமான பக்கம்) சொருகி, உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக்கொண்டு அடிக்கும் பாம் மியூட் வாசித்தோம். சத்தம் பெரிதுதான், ஆனால் சொதசொதவென்று இருந்தது. வேகமாக அடிக்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடைவெளியே தெரியாமல் ஒரே சேறு. டிஎஸ்9 என்ற ஓவர்டிரைவ் பெடலை நடுவில் போட்டு டிரைவை (பெடலின் டிஸ்டார்ஷன் அளவு) பூஜ்யத்திலும் லெவலை (வெளியே போகிற சத்தத்தின் அளவு) முழுசாகவும் வைத்து, ஆம்பின் கெயினை ஏழிலிருந்து நான்குக்கு இறக்கினோம். அதே ரிஃப் நறுக் நறுக்கென்று வந்து விழுந்தது. "குண்டு சத்தம் கொறஞ்சிருச்சு தம்பி, ஆனா நீ வாசிக்கறது இப்பத்தான் காதுல விழுது" என்றார் அண்ணன். அவருடைய அம்மா உள்ளேயிருந்து, "அப்பறமும் கல்லு ஒடைக்கற மெசினாட்டந்தான் இருக்குது" என்றார். அதுவும் சரிதான்.

நடப்பது இதுதான். கிட்டாரின் லோ ஈ சுமார் 82 ஹெர்ட்ஸ், டிராப் சியில் 65, ஏழு ஸ்ட்ரிங் கிட்டாரின் லோ பி 62க்குப் பக்கம். இந்தத் தாழ்ந்த ஒலிகள்தான் சிக்னலில் பெரிய அலைகள். ஆம்பின் கெயின் ட்யூப்கள் உடைந்து டிஸ்டார்ட் ஆகும்போது இருக்கிற இடத்தையெல்லாம் இவையே அடைத்துக்கொள்கின்றன. அப்படியானால் ஆம்பில் பாஸ் நாபைக் குறைத்தால் போதாதா என்றால், போதாது. 6505, மெசா பூகியின் டூயல் ரெக்டிஃபயர் மாதிரி ஆம்ப்களில் பாஸ், மிட், டிரெபிள் நாப்கள் டிஸ்டார்ஷனுக்குப் பிறகுதான் வருகின்றன. சேறான பிறகு சேற்றைக் குறைக்கலாம், தெளிய வைக்க முடியாது. மில்லுக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே சலித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சல்லடை வேலைக்குத்தான் பெடல். கெயின் கூட்ட என்று நினைத்து டிரைவ் நாபைத் திருப்புகிறவர்கள் இரைச்சலைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள்.

சரி, எந்தச் சல்லடை?

இபானெஸ் ட்யூப் ஸ்கிரீமரை முதலில் எடுத்துக்கொள்வோம், மற்றதெல்லாம் இதை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. டிஎஸ்808 வந்தது 1979இல், டிஎஸ்9 1982இல். ஸ்டீவி ரே வான் மாதிரி ப்ளூஸ்காரர்கள் ஃபெண்டர் ஆம்ப்களை இன்னும் கொஞ்சம் உந்திவிடப் பயன்படுத்திய பெடல். மெட்டல்காரர்கள் கைக்குப் பிறகுதான் வந்தது. உள்ளே இருக்கிற ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து, 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயினைக் குறைத்துக்கொண்டே போகின்றன. டிரைவைப் பூஜ்யத்தில் வைத்தாலும் மேல் ஒலிகளை இது கிட்டத்தட்ட 11, 12 மடங்கு பெருக்குகிறது. அதே நேரத்தில் 82 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கிடைப்பது சுமார் 1.7 மடங்குதான். நான் கணக்குப் போட்டுப் பார்த்து அசந்துபோன இடம் இது. பாஸை இது வெட்டி எறிவதில்லை, மற்றதைத் தூக்கிவிட்டு பாஸை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. சிக்னலின் உச்சியை நறுக்கி டிஸ்டார்ஷன் உண்டாக்கும் டயோடுகளுக்குப் பிறகு இன்னொரு ஃபில்டர், ஏறக்குறைய அதே 720க்கு மேலே உள்ளதைக் குறைக்கிறது. அதனால்தான் நடுவில் அந்தப் பிரபலமான மேடு. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து வாசிக்கும்போது கிட்டார் தொலைந்து போகாமல் இருக்கக் காரணமே அந்த மேடுதான்.

இன்னொன்று, டிரைவ் பூஜ்யத்தில் இருந்தாலும் ஹம்பக்கர் (சிக்னல் பலமாகத் தரும் பிக்கப்) போட்ட கிட்டாரை ஓங்கி அடித்தால் டயோடுகள் கொஞ்சம் க்ளிப் ஆகத்தான் செய்யும், அதாவது உச்சியை நறுக்கும். அதனால் ஒவ்வொரு அடியும் ஒரே உயரத்தில் வந்து விழும். கை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெடல் மூடி மறைத்துவிடும். என்னை மாதிரி ஆட்களுக்கு இது பெரிய உபகாரம்.

808ஆ 9ஆ என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டுக்கும் வித்தியாசம் முக்கியமாக வெளியே போகிற இடத்தில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள். 6505க்கு முன்னால் வைத்து அதைக் கண்டுபிடிக்க எனக்குக் காது இல்லை. ட்யூப் ஸ்கிரீமர் மினியும் இந்த வேலைக்குப் போதும், ஆனால் அதில் பேட்டரி போட முடியாது. அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது பாஸ் எஸ்டி-1. (இங்கே பாஸ் என்பது கம்பெனி பெயர், தாழ்ந்த ஒலி இல்லை. தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் தப்பாது.) 1981இலிருந்து வருகிற மஞ்சள் பெட்டி, விலை டிஎஸ்9ஐவிடக் குறைவு, 808ஐவிட ரொம்பவே குறைவு. சர்க்யூட்டும் அதே குடும்பம்தான், ஆனால் டயோடுகள் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று சமமில்லாமல் இருப்பதால் க்ளிப் ஆவதும் சமமில்லாமல் இருக்கும். என் காதுக்கு இது ஸ்கிரீமரைவிட மெலிந்த, கொஞ்சம் கூரான சத்தம். அண்ணனுடைய 6505க்கு முன்னால் வைத்தபோது அந்தக் கூர் அதிகமாகிப் போனது. ஏற்கெனவே மேல் பக்கம் சரசரக்கிற ஆம்ப் அது. டோன் நாபைக் கடிகார முள் பத்து மணி காட்டுகிற இடம் வரை இறக்கிய பிறகுதான் நிம்மதி. ஆனால் ரெக்டிஃபயர் மாதிரி இருண்ட, அடித்தொண்டையில் பேசுகிற ஆம்ப் என்றால் நான் யோசிக்காமல் எஸ்டி-1ஐத்தான் எடுப்பேன். பெடல் விமர்சனங்களில் பெரும்பாலும் விட்டுப்போகிற விஷயம் இது: ஆம்பில் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்க்காமல் எந்தப் பெடல் நல்லது என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

மூன்றாவதாக, ஓவர்டிரைவே இல்லாத ஒரு வழி: அதே பாஸ் கம்பெனியின் ஜிஇ-7 ஈக்வலைசர். 100 ஹெர்ட்ஸிலிருந்து 6.4 கிலோஹெர்ட்ஸ் வரை ஏழு ஸ்லைடர்கள், ஒவ்வொன்றும் 15 டெசிபல் ஏற்ற இறக்கம், கூடவே ஒரு லெவல். 100ஐயும் 200ஐயும் இறக்கி, 800ஐயும் 1.6ஐயும் கொஞ்சம் ஏற்றி, லெவலைத் தூக்கினால் ஸ்கிரீமர் செய்கிற சல்லடை வேலையில் முக்கால்வாசி வந்துவிடுகிறது. ஸ்கிரீமரில் மேடு எங்கே என்பதை இபானெஸ் தீர்மானித்துவிட்டது, இதில் நீங்களே தீர்மானிக்கலாம். அறிவுபூர்வமாகப் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் வாசித்துப் பார்த்தால் டயோடு கொடுக்கிற அந்த இறுக்கிப் பிடித்த உணர்வு இல்லை, கை செய்கிற தப்பெல்லாம் அப்படியே வெளியே கேட்கிறது. இரைச்சலும் உண்டு, எங்களுக்குக் கிடைத்த இரவல் பெட்டி, மழை பெய்கிற மாதிரி உஸ்ஸென்றது. கை சுத்தமாக இருக்கிறவர்களுக்கு, குறிப்பாக ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் ஓடுவது) வைத்திருக்கிறவர்களுக்கு, இது நல்ல தேர்வு.

எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் மாதிரி, டிஸ்டார்ஷன் சேர்க்காமல் சத்தத்தை மட்டும் தூக்கும் க்ளீன் பூஸ்ட் பெடல் இந்த வேலைக்கு வேண்டாம். 26 டெசிபல் வரை தூக்கும், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும், சேறு இரட்டிப்பானதுதான் மிச்சம். ஜேசிஎம்800 மாதிரி கெயினும் குறைவாக, பாஸும் கட்டுக்குள் இருக்கிற மார்ஷலுக்கு அது பொருந்தும், அது வேறு கதை. க்ளான் (Klon) வகை ஓவர்டிரைவ் பெடல்களும் எனக்கு இங்கே ஒட்டவில்லை. க்ளீன் சிக்னலைத் தனி வழியில் கலந்து கொடுப்பதுதான் அவற்றின் அழகே, அந்த வழியாகப் பாஸும் கூடவே வந்துவிடுகிறது.

இப்போது இரைச்சல். மேல் ஒலிகளைப் பன்னிரண்டு மடங்கு பெருக்குகிற பெட்டி இரைச்சலை மட்டும் விட்டுவைக்குமா? அம்மாபேட்டையில் என் அறைக்குக் கீழே விசைத்தறி ஓடுகிறது, சுவரில் இருப்பது எர்த் இல்லாத இரண்டு பின் பிளக். பூஸ்ட் போட்டதும் ஆம்ப் தறியோடு சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். ஹம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் முதலில் அடாப்டரைக் கழற்றிவிட்டு ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். அமைதியானால் குற்றவாளி அடாப்டர். மினியில் இந்தச் சோதனை செய்ய முடியாது, அதைத்தான் மேலே சொன்னேன். வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் பெடல் வைத்திருந்தால், பாஸின் என்எஸ்-2 மாதிரி சென்ட், ரிட்டர்ன் உள்ளதாக இருந்தால், ஓவர்டிரைவை அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டுங்கள். அப்போது கேட் சுத்தமான கிட்டார் சிக்னலைக் கேட்டுத் திறந்து மூடும், நோட்டின் வாலை வெட்டாது.

பையனிடம் இருப்பது கட்டானா 50, பாஸ் கம்பெனியின் டிஜிட்டல் ஆம்ப். அவன் எஸ்டி-1 வாங்கியே தீருவேன் என்று நின்றான். வேண்டாம் என்றேன். கம்ப்யூட்டரில் சொருகி அதற்கான டோன் ஸ்டுடியோ மென்பொருளைத் திறந்தால் பூஸ்டர் பட்டியலிலேயே டி-ஸ்கிரீம் என்று ஒன்று இருக்கிறது, பிரௌன் சேனலுக்கு முன்னால் அதே டிரைவ் பூஜ்யம், லெவல் ஃபுல். ஆர்கெஸ்ட்ராவில் ஜூம் பிராசஸரை நேராக மிக்ஸரில் சொருகி வாசிக்கிற நண்பர்களுக்கும் இதுவேதான்: ஸ்கிரீமர் மாடலை ஆம்ப் மாடலுக்கு முன்னால் போடுங்கள், காசு மிச்சம்.

கடைசியாக என் பச்சைப் பெட்டியின் கதை. மேலே 808 என்று எழுதிய, பெயர் சொல்ல வேண்டாத ஒரு நகல், மலிவாகக் கிடைத்தது. எவ்வளவு திருகினாலும் பாஸ் குறையவே இல்லை. என் ஆம்பைச் சந்தேகப்பட்டேன், கேபிளை மாற்றினேன், கையையே சந்தேகப்பட்டேன். ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த டிவி மெக்கானிக்கிடம் போய்த் திறந்து பார்த்தால், 473 இருக்க வேண்டிய இடத்தில் 474 என்று அச்சடித்த கெப்பாசிட்டர். 0.047க்குப் பதிலாக 0.47. ஒரே ஒரு பூஜ்யம், 720 ஹெர்ட்ஸ் 72 ஆகிவிட்டது, அதாவது லோ ஈ பெரும்பாலும் அப்படியே உள்ளே போகும். பழைய போர்டு ஒன்றிலிருந்து 473ஐக் கழற்றி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார், காசு கூட வாங்கவில்லை.

அதையும் அன்றைக்கு ஏற்காட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். அண்ணனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு அவருடைய டிஎஸ்9ஐயும் என் பச்சைப் பெட்டியையும் மாற்றி மாற்றி வாசித்தோம். ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, பச்சைப் பெட்டி ஓடும்போது கையைத் தூக்கினார். "ஒரிஜினல் ஒரிஜினல்தான்யா, இதுதான் என்னுது."