செருப்பு கழன்றது அம்மாவுக்குத் தெரியவில்லை

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்கு அம்மாவே வந்திருந்தாள். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், அம்மாவின் வலது காலில் செருப்பு இல்லை. பத்தடி பின்னால் டீக்கடை வாசலில் கிடந்தது. "செருப்பு எங்கம்மா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். கழன்று விழுந்ததும் தெரியவில்லை, மத்தியான வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை.

"காலு மதமதன்னு இருக்குடி, பஞ்சு மேல நடக்குற மாதிரி" என்று இரண்டு வருடமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறாள். சர்க்கரை வந்தால் நரம்பு இப்படித்தான் ஆகும் என்று எரிச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நானும் அதை நம்பினேன். அம்மாவுக்கு 67 வயது, 11 வருடமாகச் சர்க்கரை. நம்பக்கூடிய பதில்தான் அது.

ஆனால் செருப்பைப் பார்த்த அன்று இன்னொரு ஞாபகம் வந்தது. லண்டனில் நானும் மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறேன். அங்கே வருடாந்தரச் சோதனைக்குப் போனால் நர்ஸ் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கால் மரத்துப்போகிறதா, நாக்கு எரிகிறதா, ரொம்ப அசதியா?" என்பது. மெட்ஃபார்மினை நீண்டநாள் எடுப்பவர்களில் பலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது என்றும், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு அவ்வப்போது ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும் என்றும் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூனில் மருத்துவர்களுக்குச் சொன்னது. அந்தக் கேள்விக்கு நான் ஒவ்வொரு வருடமும் பதில் சொல்கிறேன். அம்மாவிடம் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று ராத்திரி அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கொட்டி எண்ணினேன். மெட்ஃபார்மின் காலை ஒன்று, இரவு ஒன்று. பிரஷருக்கு ஒன்று. வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, அது ஐந்து வருடமாக ஓடுகிறது. "ரத்தம் ஊறட்டும்" என்று மெடிக்கலில் அவளாகக் கேட்டு வாங்கிய இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலக் கேப்ஸ்யூல். அப்பா போனதிலிருந்து கவுச்சியை விட்டுவிட்டாள், ஏழு வருடம் ஆகிறது. சளி பிடிக்கும் என்று தயிரையும் விட்டுவிட்டாள்.

இந்த எல்லாமும் ஒரே பக்கம் இழுப்பவை. பி12 நமக்கு மீன், ஈரல், முட்டை, பால், தயிர் வழியாகத்தான் வருகிறது. கீரையில், காயில், பருப்பில் அது கிடையாது. "தினம் முருங்கைக்கீரை சாப்பிடுறேனே" என்று அம்மா சொன்னபோது அதை விளக்குவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. உணவிலிருந்து பி12 பிரிந்து வர வயிற்றில் அமிலம் வேண்டும், கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பிரிந்து வந்ததை உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி, மெட்ஃபார்மின் அங்கே குறுக்கே நிற்கிறது. ஈரலில் சில வருடங்களுக்கான சேமிப்பு இருப்பதால் உடம்பு உடனே காட்டிக்கொடுப்பதும் இல்லை. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் கால் மதமதக்கிறது, நடை தள்ளாடுகிறது, பேர் மறந்துபோகிறது. அதையெல்லாம் நாம் சர்க்கரை மேலும் வயசு மேலும் போட்டுவிடுகிறோம்.

ஃபோலிக் அமிலக் கேப்ஸ்யூல் இதில் இன்னொரு சிக்கல். பி12 குறைந்தால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் சரிசெய்துவிடும், நரம்பு கெடுவதைத் தடுக்காது. அம்மாவின் ஹீமோகுளோபின் 12.1. சீட்டைப் பார்ப்பவர்கள் எல்லாரும் "ரத்தம் நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நான் சின்ன வயதில் பார்த்த இடம் இல்லை அது. எட்டரைக்குச் சீட்டு, பிரஷர், சர்க்கரை, எடை, எல்லாம் பார்த்து ஒன்பதரைக்குள் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்துவிட்டோம். காசு எதுவும் இல்லை. டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதா பாட்டி?" என்றார். "வச்சுட்டியாம்மா?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். கணுக்காலிலும் அப்படியே. முழங்காலில் வைத்தபோதுதான் "இப்ப தெரியுது" என்றாள். கிளினிக்கில் இரண்டு வருடத்தில் ஒருவரும் அவள் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று வெளியே வந்தபின் சொன்னாள்.

மாத்திரைப் பட்டியலைக் காட்டியதும் டாக்டரம்மாவே பி12 பெயரைச் சொன்னார். ஆனால் அந்தச் சோதனை அங்கே இல்லை. திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரட்டுமா, வெளியே பார்த்துக்கொள்கிறீர்களா என்றார். எனக்கு இருந்தது மூன்று வாரம். வெளியே பார்த்தோம்.

தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம் சுத்தமாக இருந்தது, பேச்சும் மரியாதை. ஆனால் பி12, வைட்டமின் டி இரண்டு மட்டும் போதும் என்றால் விடுவதாக இல்லை. அறுபது சோதனை சேர்ந்த பேக்கேஜ் இதைவிடக் கொஞ்சம்தான் கூட, மாஸ்டர் செக்கப் பண்ணிவிடலாம் என்று மூன்று முறை சொன்னார்கள். வேண்டாம் என்றேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அப்பா அம்மாவுக்குச் செய்யும் கடமை என்று இந்தப் பேக்கேஜ்களை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். அறுபது எண்கள் வரும், படித்துச் சொல்ல ஆள் இருக்காது. கேள்வி என்ன என்று தெரிந்துகொண்டு இரண்டு சோதனை செய்தால் போதும்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் முடிவு வந்தது. பி12 128, வைட்டமின் டி 14. இரண்டுமே குறைவு.

வெளியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இங்கே உண்டு. என் பழைய லண்டன் சீட்டில் வைட்டமின் டி 48 என்று இருந்தது. "உனக்கு 48, அம்மாவுக்கு வெறும் 14" என்று அக்கா பதறிவிட்டாள். இரண்டும் வேறு வேறு அளவை. இந்தியாவில் நானோகிராம் கணக்கு, பிரிட்டனில் நானோமோல் கணக்கு. நம் ஊர் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் லண்டன் எண் வரும். அம்மாவின் 14 அங்கே 35. என் 48 இங்கே 19, அதுவும் குறைவுதான். பி12க்கும் சில ஆய்வகங்களில் அளவை வேறு: அம்மாவின் 128 பிகோமோல் கணக்கில் சுமார் 94. சீட்டை அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே காட்டும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் சீட்டையே காட்டுங்கள்.

"இவ்வளவு வெயில் அடிக்கிற ஊர்ல எப்படிடி வைட்டமின் டி குறையும்?" என்று பெரியம்மா கேட்டார். அம்மா வாசல் தெளிக்க வருவது ஆறு மணிக்கு, அதன்பிறகு வீட்டுக்குள்ளேதான். இளவெயிலில் நின்றால் டி கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தோல் அந்த வைட்டமினைச் செய்ய வேண்டிய புற ஊதாக் கதிர் சாய்ந்த வெயிலில் மிகக் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயிலில்தான் அது தரைக்கு நன்றாக வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் தலை காட்டாமல் இருப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம், சூட்டுக்கு அது சரியும்கூட. கறுத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். லண்டனில் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை வெயிலே அதற்குப் போதாது. அதனால் அந்த மாதங்களில் தினமும் 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்லி எல்லாருக்குமே அரசு அறிவுரை இருக்கிறது. எங்களைப் போன்ற தோல் நிறத்தவர் வருடம் முழுக்க எடுப்பதை யோசிக்கச் சொல்கிறார்கள்.

மெடிக்கலில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். "டி குறைவு" என்றதும் சீட்டுக்கூடக் கேட்காமல் 60,000 யூனிட் பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார்கள். எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு வார்த்தை இல்லை. 60,000 யூனிட் என்பது 1,500 மைக்ரோகிராம். லண்டனில் தினம் எடுக்கச் சொல்லும் அளவுக்கு 150 நாள் பங்கு ஒரே பாக்கெட்டில் இருக்கிறது. மருத்துவர் வழக்கமாக வாரம் ஒன்று, சில வாரம் என்று எழுதிக்கொடுப்பது. எங்கள் தெருவில் ஒரு அம்மா அதைச் சத்துப் பொடி என்று நினைத்துப் பாலில் கலந்து தினமும் குடித்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து ஓயாத வாந்தி, தாகம், மலச்சிக்கல். ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போய் தஞ்சாவூரில் படுத்திருந்து வந்தார். பாக்கெட் மேல் தமிழில் "வாரம் ஒன்று" என்று பேனாவால் எழுதிக்கொடுக்க அரை நிமிடம் ஆகுமா?

நல்லதையும் பார்த்தேன். அக்காவின் பேத்திக்கு இரண்டு வயது. அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அட்டையைப் பார்த்து, வைட்டமின் ஏ திரவம் அடுத்து எப்போது என்று டீச்சர் மனப்பாடமாகச் சொன்னார். ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்தச் சத்து குறைந்து மாலைக்கண் வந்த பிள்ளைகளை அம்மா தன் தெருவிலேயே பார்த்திருக்கிறாள். அக்கா மகளுக்கு அது கேள்விப்பட்ட வியாதி மட்டுமே. இதில் நம் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. கண்ணுக்கு என்று நினைத்த சத்து உயிரையே காத்ததைக் காட்டிய ஆய்வு அது.

அக்காவின் இளைய மகள் பத்தாம் வகுப்பு. பள்ளியில் வாரம் ஒருநாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. "வயிறு பிரட்டுது சித்தி, கறுப்பா போகுது, பாதிப் பேரு ஜன்னல் வழியா எறிஞ்சிடுவாங்க" என்றாள். கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயம் வேண்டாம், வெறும் வயிற்றில் போடாதே, போட்டதும் டீ குடிக்காதே என்றேன். மாத்திரை கொடுப்பவர்கள் இதைச் சொல்லியிருந்தால் ஜன்னலுக்கு வெளியே கிடப்பது குறையும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்றது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மாத்திரை பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. வகுப்பறையில் ஐந்து நிமிடப் பேச்சுதான் பாக்கி.

ரேஷன் அரிசியிலும் இதே கதை. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ செறிவூட்டிய அரிசி கலந்து வந்தது. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் அதில் உண்டு. அரிசி மாவில் சத்தைச் சேர்த்து அச்சில் வார்ப்பதால் நிறம் சற்று மாறியிருக்கும், சில மணிகள் தண்ணீரில் மிதக்கும். அம்மா அதைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று இரண்டு வருடமாகப் பொறுக்கி எறிந்திருக்கிறாள். பி12 குறைந்த ஒரு பெண், பி12 போட்ட மணியைத் தேடித்தேடி எறிந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ரேஷன் கடையில் எவரும் அவளுக்கு அது என்னவென்று சொல்லவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. அதில் வரும் தன்னார்வலர் பெண் அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். நான் இருந்தபோது வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, போனில் பதிந்து, மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். லண்டனில் எனக்கு இந்தச் சேவை கிடையாது. குழந்தைக்குச் சொட்டு, மாணவிக்கு மாத்திரை, கர்ப்பிணிக்குச் சத்துப் பெட்டகம் என்று எல்லாம் தேடி வருகிற ஊர் இது. பிள்ளை பெற்று வளர்த்து அறுபதைத் தாண்டிய பெண்ணுக்கும் மெட்ஃபார்மின் தேடி வருகிறது. அதனோடு "கால் மரத்துப்போகுதா?" என்ற கேள்வியும் வர வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் நின்று கேட்டார். நான்கு நாள் கழித்து வந்து, "நம்ம தெருவுலயே மூணு பேர் ஆமான்னு சொல்றாங்கக்கா, டாக்டரம்மாகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார்.

அம்மாவுக்குப் பி12 ஊசி தொடங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. மெட்ஃபார்மினை நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். சர்க்கரைக்கு அது நல்ல மருந்து, குறைவதை ஈடுகட்டினால் போதும். கேஸ் மாத்திரை இனி வேண்டுமா என்று பார்த்து, படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். தயிர் திரும்பி வந்தது. முட்டைக்கு அம்மா சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. நரம்பு எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகத் திரும்பும், இரண்டு வருடம் போய்விட்டது, ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்.

பின்பக்கம் வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் பேசினேன். வலது காலில் ஊசி குத்துவது மாதிரி இருக்கிறதாம், அது உணர்வு திரும்புவதாக இருக்கலாம் என்று நர்சம்மா சொன்னாராம். இடது கால் அப்படியேதான் இருக்கிறது என்கிறாள். அடுத்த ஊசி 14ஆம் தேதி.