துனாரா, பிசிமேன்எஃப்எம்மா: பென்டிரைவ் மவுன்ட்டும் கோப்பு வகைகளும்

துனார், பிசிமேன்எஃப்எம் இரண்டும் லினக்ஸின் கோப்பு மேலாளர்கள். பென்டிரைவைச் செருகியதும் அது தானாக மவுன்ட் ஆகி (கணினியோடு இணைந்து) திறக்க வேண்டுமென்றால், துனாருக்கு துனார்-வோல்மேன் என்ற தனிப் பொதி (நிறுவவேண்டிய மென்பொருள் தொகுப்பு) தேவை. அது இல்லாவிட்டால் அமைப்புகளில் ‘அட்வான்ஸ்டு’ தாவலில் எதைத் தேடியும் பயனில்லை. நிறுவியபின் அங்கே வால்யூம் மேனேஜ்மென்ட்டை (செருகும் சாதனங்களைக் கையாளும் வசதி) இயக்கி, ‘கான்ஃபிகர்’ அழுத்தினால் சேமிப்பகம், கேமரா, பிரிண்டர் எனத் தனித்தனிப் பகுதிகள். கேமராவைச் செருகினால் எந்த நிரல் ஓட வேண்டும் என்றுகூடச் சொல்லிவைக்கலாம்.

பிசிமேன்எஃப்எம்மில் இதற்குத் தனிப் பொதி வேண்டாம். வால்யூம் மேனேஜ்மென்ட் தாவலில் சில டிக் பெட்டிகள், அவ்வளவுதான். துனாரைப் போல் கேமராவுக்கென்று தனிப் பகுதி இல்லை.

இரண்டிலும் பலர் தவறவிடுவது ஒன்றுதான்: கோப்பு மேலாளர் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துனாரை ‘டீமன்’ முறையிலும் (சாளரமின்றிப் பின்னணியில் ஓடும் முறை), பிசிமேன்எஃப்எம்மை டீமனாகவோ, டெஸ்க்டாப்பைக் காட்டும் முறையிலோ, உள்நுழையும்போதே தொடங்கவையுங்கள். இடப்பக்கப் பட்டியில் டிரைவே தெரியவில்லையா? டிரைவுகளைக் கண்டறிந்து மவுன்ட் செய்ய உதவும் ஜிவிஎஃப்எஸ், யுடிஸ்க்ஸ்2 பொதிகள் இரண்டும் உள்ளனவா பாருங்கள். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், பெரும்பாலும் போல்கிட் ஏஜென்ட் (அனுமதிக்காகக் கடவுச்சொல் கேட்கும் நிரல்) ஓடவில்லை என்று பொருள்.

எந்தக் கோப்பு வகை எந்த நிரலில் திறக்க வேண்டும் என்று அமைப்பதில் துனார் வசதியானது: வலது கிளிக், பண்புகள், ‘ஓபன் வித்’ பட்டியலில் நிரலைத் தேர்ந்தால் போதும். பிசிமேன்எஃப்எம்மின் ‘ஓபன் வித்’ சாளரத்தில், அடியிலுள்ள ‘இயல்புநிலையாக்கு’ பெட்டியை டிக் செய்ய மறந்தால் தேர்வு அந்த ஒருமுறையோடு போய்விடும். பிடிஎஃப் திடீரெனப் படச் செயலியில் திறந்தால், முகப்பு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவின் மைம்ஆப்ஸ் கோப்பை (~/.config/mimeapps.list) திறந்து பிடிஎஃப்புக்கான வரியைத் திருத்துங்கள்.