எச்சரிக்கை: 'ஸ்பிட்ஃபயர் விமானியின் லாக் புக்' என்று எனக்கு விற்கப்பட்ட போலி

இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் விமானப்படைப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "1941-இல் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய விமானியின் முழுத் தொகுப்பு, குடும்பத்திடமிருந்து நேரடியாக வாங்கியது" என்ற விவரத்தோடு இணையத்தில் எனக்கு ஒரு தொகுப்பு விற்கப்பட்டது (ஸ்பிட்ஃபயர் அந்தப் போரின் புகழ்பெற்ற பிரிட்டிஷ் போர் விமானம்). லாக் புக், தோல் ஹெல்மெட், காகிள்ஸ், போனஸாக காக்பிட்டிலிருந்து கழற்றிய ஒரு மீட்டர். லாக் புக்கின் நடுப்பகுதி போலி. மற்றவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாமான்கள். விற்ற ஆளின் பெயரை இங்கே போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது, அதோடு அவர் அடிக்கடி பெயரை மாற்றிக்கொள்கிறவர். அவர் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும், எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். பிரிட்டிஷ் விமானப்படையில் விமானிகளுக்குத் தரப்பட்ட பறத்தல் பதிவேடுதான் லாக் புக், அதன் படிவப் பெயர் ஃபார்ம் 414. நேவிகேட்டர், கன்னர் போன்றவர்களுக்கு ஃபார்ம் 1767 என்று தனியாக உண்டு. ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் தேதி, விமானத்தின் வகை, அதன் வரிசை எண், ஓட்டியவர், உடன் இருந்தவர், என்ன வேலைக்குப் போனார், எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பக்கத்தின் அடியில் வரும் மொத்த நேரம் அடுத்த பக்கத்தின் தலையில் அப்படியே ஏறும். கடைசியாகச் சொன்ன இந்த விஷயம் முக்கியம், பிறகு அதற்கு வருகிறேன்.

மெடலைவிட, யூனிஃபார்மைவிட எனக்கு லாக் புக்கில்தான் ஆசை. ஒருவர் எந்த நாளில் எந்த விமானத்தில் இருந்தார் என்று அவரே கைப்பட எழுதியது வேறு எதில் கிடைக்கும்? மெடல் விஷயம் வேறு. பிரிட்டிஷ் வீரர்களுக்கு அந்தப் போருக்காகத் தந்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவே இல்லை. அதனால் எந்த நட்சத்திரத்தையும் எந்தப் பெயரோடும் சேர்த்து விற்கலாம். ஏர் க்ரூ யூரோப் ஸ்டார் மற்ற நட்சத்திரங்களைவிட அதிக விலைக்குப் போவதால் அதில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. லாக் புக்கில் இந்தத் தொல்லை குறைவு என்றுதான் சேகரிப்பவர்கள் பொதுவாக நம்புகிறோம். இந்த ஆள் அந்த நம்பிக்கையை வைத்துத்தான் பிழைக்கிறார்.

அவர் ஏன் 1940-ஐ விட்டு 1941-ஐத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் பிரிட்டிஷ் தரப்பில் பங்கெடுத்தவர்கள் சுமார் 3,000 பேர். எல்லார் பெயரும் தெரியும். லண்டனில் தேம்ஸ் கரையில் 2005-இல் திறந்த நினைவுச் சின்னத்திலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தைச் சொல்லி ஒரு போலியை விற்றால் வாங்குகிறவர் உட்கார்ந்த இடத்திலேயே பெயரைச் சரிபார்த்துவிடுவார். அடுத்த வருடம் வட பிரான்ஸ் மேல் பறந்து சண்டையிட்டவர்களுக்கு அப்படிப் பிரபலமான பட்டியல் இல்லை. ஆனால் ஸ்பிட்ஃபயர் என்ற பெயருக்கு உரிய விலை இருக்கிறது. நல்ல கணக்குதான்.

விற்பனைப் பக்கத்தில் இருந்தவை அட்டை, பெயர் உள்ள முதல் பக்கம், சண்டை பற்றிய குறிப்புள்ள இரண்டு பக்கங்கள் ஆகியவற்றின் படங்கள். எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். "தையல் தளர்ந்திருக்கிறது, விரித்தால் பிய்ந்துவிடும்" என்று பதில். மறுநாளே இன்னொருவர் முழுத் தொகை தரத் தயாராக இருப்பதாக ஒரு செய்தி. பணத்தில் ஒரு பகுதியை கார்டிலும் மீதியை நேரடி வங்கிப் பரிமாற்றத்திலும் கேட்டார். அப்படிச் செய்தால் தளத்தின் கமிஷன் குறையும், அதை விலையில் கழித்துக்கொள்கிறேன் என்றார். கூடவே நிபுணர் சான்றிதழ் ஒன்று. நல்ல காகிதம், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. அந்த நிபுணரின் மின்னஞ்சலுக்கு எழுதினால் விற்றவரின் நடையிலேயே, அதே எழுத்துப் பிழையோடு பதில் வந்தது. அது பணம் கைமாறிய பிறகு நடந்த கதை.

பார்சல் வந்தது. புத்தகம் பார்க்க அருமையாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மை ஊற்றுப் பேனா மைதான். 1941 பதிவில் பால்பாயின்ட் எழுத்து இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. அதில் இது தேறிவிட்டது. இரவில் பறந்தவை முறைப்படி சிவப்பு மையில் இருந்தன. விமான வரிசை எண்களும் அந்தக் காலத்துக்குப் பொருந்தியவை. சோம்பேறிப் போலிகள் இந்த இடத்தில்தான் மாட்டும். எம்எச் என்று தொடங்கும் எண் உள்ள ஸ்பிட்ஃபயர் 1941 பதிவில் இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். இன்றும் பறக்கும் எம்எச்434 கூட 1943-இல் செய்யப்பட்டதுதான். இவர் அந்த மாதிரி ஆள் இல்லை, பட்டியல்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அவர் செய்யாமல் விட்டது கூட்டல். 1941-க்கு முந்தைய பக்கத்தின் அடியில் மொத்தம் 212 மணி 40 நிமிடம். 1942 தொடங்கும் பக்கத்தின் தலையில் 968 மணி 15 நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் 755 மணி 35 நிமிடம். ஆனால் நடுவில் இருக்கும் பறத்தல்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் 148 மணி 20 நிமிடம்தான் வருகிறது. 607 மணி 15 நிமிடம் ஆகாயத்திலிருந்து குதித்திருக்கிறது! ஸ்பிட்ஃபயரில் ஒரு முறை ஏறினால் ஒன்றரை மணி நேரம் பறப்பது சாதாரணம். சண்டை ஸ்குவாட்ரனில் (விமானப்படைப் பிரிவில்) இருந்தவர் ஒரே வருடத்தில் எழுநூற்றைம்பது மணி நேரத்துக்கு மேல் பறந்தார் என்றால் நம்ப முடியுமா? பயிற்சிப் பள்ளியில் காலை முதல் மாலை வரை மாணவர்களை ஏற்றி இறக்கும் ஆசிரியருக்குத்தான் அந்த மாதிரி எண் வரும்.

இதைப் பார்த்ததும் தையலைச் சோதித்தேன். புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால், முன்பகுதியிலும் பின்பகுதியிலும் நூல் மங்கலாகவே இருந்தது. நடுப்பகுதியில் மட்டும் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தது. போருக்குப் பிந்தைய செயற்கை நூலும் வெண்மையூட்டி சேர்த்த நூலும் இப்படித்தான் ஒளிரும். (துணிகளில் இந்தச் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அசல் பருத்தி உடுப்பைக்கூட யாராவது இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தால் ஒளிரும். தைத்த புத்தகத்தை யாரும் துவைப்பதில்லை.) எழுதாத பழைய ஃபார்ம் 414 புத்தகங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதில் ஒன்றிலிருந்து தாள்களை எடுத்து, அசல் புத்தகத்தின் 1941 பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். காகிதமும் அசல், காலமும் சரி. எழுத்து மட்டும் நம் காலத்தது.

பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே ஏஐஆர் 27 என்ற வரிசையில் ஸ்குவாட்ரன்களின் செயல்பாட்டுப் பதிவேடுகள் உள்ளன. அவற்றில் ஃபார்ம் 540 அன்றாட நிகழ்வுச் சுருக்கம். ஃபார்ம் 541-இல் எந்த விமானத்தில் யார், எத்தனை மணிக்குக் கிளம்பி எப்போது இறங்கினார் என்ற விவரம் வரும். லாக் புக்கில் சொன்ன ஸ்குவாட்ரனின் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த மாதங்களில் நம் விமானியின் பெயர் எங்குமே இல்லை. ஒரு மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டிருப்பதாகக் காட்டிய ஸ்குவாட்ரன் தலைவர் அதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தார். விற்கும் ஆள் எந்தக் கதை சொன்னாலும் இந்த ஒரு ஒப்பீட்டை வாங்குவதற்கு முன்பே செய்யலாம். பெயரும் ஸ்குவாட்ரன் எண்ணும் ஒரு தேதியும் இருந்தால் போதும். அவற்றைத் தர மறுப்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விற்றவரிடம் கேட்டேன். முதல் பதில்: அந்தக் காலத்தில் லாக் புக் தொலைந்தால் விமானிகள் நினைவிலிருந்து திரும்ப எழுதுவார்கள், அதனால் கூட்டல் தப்பாக இருக்கும். இதில் பாதி உண்மை. தொலைந்த புத்தகத்துக்குப் பதில் புதிதாக எழுதுவது உண்டு. ஆனால் முன்னும் பின்னும் அசலாக இருக்கும் புத்தகத்தில் நடுப்பகுதி மட்டும் தொலையுமா? இரண்டாவது பதில்: சண்டைப் பணி முடிந்தவர்களை ஓய்வுக்காகப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவார்கள், 1942 பக்கங்கள் அதைத்தான் காட்டுகின்றன. அந்த வழக்கமும் உண்மைதான். இப்படி உண்மைத் தகவல்களாகவே எடுத்து வைத்துப் பேசுவார், கேட்டால் நமக்கே சந்தேகம் வரும். கியூ பதிவேட்டின் படத்தை அனுப்பினேன். அதன் பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார்.

ஹெல்மெட்டும் காகிள்ஸும் சுருக்கமாக. ஹெல்மெட் பி வகை, காதருகே ஜிப் வைத்த உறையோடு. அது 1941-க்குப் பொருந்தும். கூட வந்த காகிள்ஸ் மார்க் 8. அது 1943-இல் வந்த மாடல். ஹெல்மெட்டின் உள்பக்கம் மையால் எழுதிய பெயர் லாக் புக்கில் உள்ள பெயர்தான், கையெழுத்தோ வேறு. அதே ஆள் பிறகு விற்பனைக்குப் போட்ட இன்னொரு ஹெல்மெட்டில் வேறொரு விமானியின் பெயர் இருந்தது. எழுதிய கை ஒன்றே, 'ஆர்' எழுத்தின் வால் உட்பட.

மீட்டர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். "இன்றும் இருட்டில் ஒளிர்கிறது" என்று பெருமையாக எழுதியிருந்தார். அந்தக் கால மீட்டர்களின் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு தடவுவார்கள். ரேடியம்-226-இன் அரை ஆயுள் சுமார் 1,600 வருடம், ஆனால் ஒளி தருவது அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு. அது சில பத்தாண்டுகளில் கெட்டுப்போய் ஒளிர்வதை நிறுத்திவிடும். எனவே இன்று பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ மேலே புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள். ஒளிரவில்லை என்றால் பாதுகாப்பானது என்றும் அர்த்தம் இல்லை, கதிர்வீச்சு அப்படியே இருக்கும். எனக்கு வந்த மீட்டரில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, ஓரத்தில் பழைய பூச்சு உதிர்ந்து தூளாகக் கிடந்தது. ஒரு எச்சரிக்கை வரி கூட இல்லாமல் காகிதத்தில் சுற்றி ஹெல்மெட்டுக்குள் வைத்து அனுப்பியிருந்தார். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. பழைய மீட்டர் எதையும் திறக்காதீர்கள், துடைக்காதீர்கள், சுரண்டிப் பார்க்காதீர்கள். இதுபோல உடைந்து வந்தால் பையில் கட்டி மூடிவைத்து, உங்கள் ஊரில் கதிரியக்கப் பொருள்களைக் கவனிக்கும் அரசுத் துறையைக் கேளுங்கள்.

பணம்: கார்டில் கட்டிய பகுதி திரும்பி வந்துவிட்டது. வங்கி, விற்பனை விவரத்தையும் கியூ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததோடு சரி, அதிகம் கேட்கவில்லை. நேரடிப் பரிமாற்றத்தில் போனது போனதுதான். விற்பனைத் தளமும், வெளியே நடந்த பரிமாற்றத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டது. கமிஷனைக் குறைப்பதாக அவர் சொன்ன அந்தச் சலுகைக்கு இதுதான் அர்த்தம்.

போன பணத்தைவிட எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. அந்த அசல் பக்கங்களில் இருந்த மனிதர் 1941 முழுக்க, ஏறக்குறைய எழுநூற்றைம்பது மணி நேரம், தெரியாத பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பையன்களின் பெயர்கள் வரிசையாக அதில் இருந்திருக்கும். பயிற்சி ஆசிரியரின் லாக் புக்குக்குச் சந்தையில் விலை இல்லை என்பதால் ஒரு ஆள் அதைக் கிழித்தெடுத்துவிட்டு, அதே மனிதர் பெயரில் அவர் ஒருநாளும் போகாத சண்டைகளை எழுதி வைத்திருக்கிறார். ஸ்பிட்ஃபயருக்கு மட்டும் விலையை ஏற்றிக்கொண்டே போகும் நம் கூட்டத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

கிழித்த தாள்களை அவர் எறிந்திருக்க வாய்ப்பு குறைவு. இந்த மாதிரி ஆள்கள் தனித்தாள்களாக, ஃபிரேம் போட்டு, அதையும் விற்பார்கள். ஆகவே ஃபார்ம் 414-இன் உதிரித் தாள்கள் கண்ணில் பட்டால் தலையிலும் அடியிலும் உள்ள மொத்தத்தைப் பாருங்கள். 1941-ஆம் வருடப் பக்கம், மேலே 212 மணி 40 நிமிடம் என்று தொடங்குவது, அல்லது அடியில் 968 மணி 15 நிமிடம் என்று முடிவது, உள்ளே ஒவ்வொரு வரியிலும் ஒரு மாணவர் பெயர். கிடைத்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், கேட்கும் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.