நீலா, ஹேவ்லாக்கா: ஓய்வுக்கு எந்தத் தீவு, குடியேற எந்தத் தீவு?

அந்தமான் போக முடிவு செய்த நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "ஹேவ்லாக்ல எத்தனை நாள், நீல்ல எத்தனை நாள்?" என்பதுதான். பயண ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் ஹேவ்லாக்குக்கு இரண்டு இரவு, நீலுக்கு ஒரே இரவு என்று போட்டுத் தருகிறார்கள். சில பேக்கேஜ்களில் நீலுக்குப் பகலில் சில மணி நேரம் மட்டும். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு அது பொருந்தும். ஓய்வெடுக்க வருகிறவர்கள் அந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. நானும் மனைவியும் இரண்டு தீவிலும் தங்கிப் பார்த்தோம். அடுத்த முறை போனபோது நேராக நீலுக்கே டிக்கெட் எடுத்தோம்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 2018 டிசம்பர் 30 முதல் ஹேவ்லாக்கின் அரசுப் பெயர் ஸ்வராஜ் த்வீப், நீலின் பெயர் ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர்கள் இருக்கும், பேச்சில் இன்னும் பழைய பெயர்கள்தான். சென்னையிலிருந்து விமானத்தில் ஸ்ரீ விஜயபுரம், அங்கிருந்து அரசுப் படகு அல்லது தனியார் விரைவுப் படகு. இரண்டு தீவுக்கும் வழி இதேதான். இந்தியர்களுக்கு இந்த இரண்டு தீவுக்கும் தனி அனுமதி எதுவும் வேண்டாம். தங்கும் இடம், சாப்பாடு, வாடகை ஸ்கூட்டர் இரண்டிலும் கிடைக்கும். ஹேவ்லாக்கில் எல்லாம் இன்னும் அதிகம்.

ஹேவ்லாக்கைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ராதாநகர் கடற்கரை பெற்ற புகழுக்கு முழுத் தகுதி உள்ளது. 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது, 2020-ல் சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழும் வந்தது. மகுவா மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும் காடு, அது முடியும் இடத்தில் மாவு மாதிரி மணல், காலில் கல் குத்தாத அடிமட்டம். ஸ்கூபா கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹேவ்லாக்தான். பயிற்சிப் பள்ளிகளும் நல்ல முக்குளிப்பு இடங்களும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. எனக்கு முக்குளிப்பில் பெரிய பழக்கம் இல்லாததால் அந்த ஒப்பீட்டுக்குள் நான் போகவில்லை. அதற்காகவே போகிறவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகலாம்.

என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: தூரம். தங்கியிருக்கும் அறைக்கும் கடலுக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் உள்ள தூரம்.

ஹேவ்லாக் சுமார் 92 சதுர கிலோமீட்டர். விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில் இருக்கின்றன. ராதாநகர் மேற்குக் கரையில், படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். காலாபத்தர் கடற்கரைக்கு வேறு திசையில் போக வேண்டும். எலிஃபண்ட் பீச்சுக்குப் படகு ஏற வேண்டும், இல்லையென்றால் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். ஆக ஒவ்வொரு நாளும் காலையிலேயே ஒரு திட்டம் தேவைப்படுகிறது. வண்டி எடுக்கலாமா, ஆட்டோ பேசலாமா, பஸ் எத்தனை மணிக்கு, திரும்பி வர என்ன வழி, இருட்டுவதற்குள் வந்துவிடலாமா? இந்த இருட்டுக் கேள்வி சின்னதல்ல. அந்தமான் நம் நேரக்கணக்கின் தீர்க்கரேகைக்குக் கிழக்கே பத்து பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும் அதேதான். குளிர்காலத்தில் ஐந்து, ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ராதாநகரில் அஸ்தமனம் பார்த்துவிட்டுக் கிளம்பினால் திரும்பும் சாலை முழுக்க இருட்டு, முன்னாலும் பின்னாலும் அதே அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு வரும் வண்டிகள். ஊரில் அலுவலகம் விட்டு வீடு திரும்பும் நேரம்தான் நினைவுக்கு வரும்.

நீல் சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். படகு நிற்கும் இடமே பரத்பூர் கடற்கரை. அங்கிருந்து பஜார் நடக்கும் தூரம். அஸ்தமனம் பார்க்கும் லட்சுமண்பூர் ஒரு பக்கம், உதயம் பார்க்கும் சீதாபூர் மறு பக்கம். சீதாபூர்தான் தொலைவு, அதுவே படகுத்துறையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில்தான். வாடகைக்கு ஒரு சைக்கிள் இருந்தால் தீவு முழுவதும் உங்கள் கைக்குள். சாலை சமதளம், இரு பக்கமும் பாக்குத் தோப்பும் வாழையும் நெல் வயலும். ஒரு கடற்கரை பிடிக்கவில்லையா, சைக்கிளை எடுத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போய்விடலாம். அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு மறுபடி கடலுக்குப் போகலாம். யாரையும் கேட்க வேண்டாம், எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம். திட்டம் போடும் வேலை நம் தலையிலிருந்து இறங்குவதைத்தான் நான் ஓய்வு என்கிறேன். அது நீலில் முதல் நாள் மாலையே நடந்துவிடுகிறது. ஹேவ்லாக்கில் தங்கிய நாட்களில் மனைவியின் கையில் பட்டியல் இருந்தது. நீலில் அவர் பட்டியலே எழுதவில்லை.

நீலுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். குளிப்பதற்கு ராதாநகர் அளவுக்கு நல்ல கரை நீலில் கிடையாது. தீவைச் சுற்றிப் பவளப் பாறை. கடல் வற்றினால் கரையிலிருந்து வெகுதூரம் பாறை வெளியே தெரியும், முழங்கால் ஆழத்தில் நின்று குளிக்கக்கூட முடியாது. கடல் ஏறும்போதுதான் இறங்கலாம். கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் ஒரு நாள் காலை குளித்த நேரத்துக்கே சில நாள் கழித்துப் போனால் தண்ணீர் இருக்காது. விடுதியில் கேட்டால் அன்றைய ஏற்ற நேரத்தைச் சொல்வார்கள், அதை வைத்து நாளை அமைத்துக்கொள்ளலாம். வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, கடலில் ஆடுவதற்கென்றே போகிறீர்கள் என்றால் ராதாநகருக்கே ஓட்டுப் போடுங்கள்.

ஆனால் அந்த வற்று நேரம்தான் நீலின் சொத்து என்பதை அங்கே இருந்து பார்த்தால் புரியும். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில், பாறை வளைவு ஒன்று இயற்கைப் பாலமாக நிற்கும் இடம். கடல் நன்றாக வற்றியபின் போக வேண்டும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் குனிந்து பார்த்தால் கன்னங்கரேலென்று கடல் அட்டைகள் அசையாமல் கிடக்கும். கல்லின் அடியிலிருந்து மெல்லிய கைகளை மட்டும் நீட்டி நொறுங்கு நட்சத்திர மீன்கள் துழாவும். பவளத்துக்குள் புதைந்த பெருஞ்சிப்பி நம் நிழல் விழுந்ததும் நீலமும் பச்சையுமான உதட்டைச் சட்டென்று இழுத்து மூடிக்கொள்ளும். நிழல் விலகினால் மறுபடி மெதுவாகத் திறக்கும். அந்த ஒரு சிப்பியின் பக்கத்தில் நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பாறை வழுக்கும், விளிம்பு வெட்டும். நல்ல பிடிமானம் உள்ள செருப்பு அவசியம், வெறுங்கால் கூடாது. எதையும் மிதிக்காமல், எடுக்காமல் வாருங்கள். 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளிறிப்போயின. மிச்சம் இருப்பதும் மீண்டு வந்ததும் நம் காலடியில் நொறுங்க வேண்டாம்.

சாப்பாட்டில் ஹேவ்லாக்குக்கு வகை அதிகம், நீலுக்குக் காய்கறி. அந்தமானின் காய்கறிக் கூடை என்று நீலைச் சொல்வார்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களைத்தான் அரசு இந்த இரண்டு தீவிலும் குடியேற்றியது. காட்டைத் திருத்தி அவர்கள் உண்டாக்கிய வயல்கள்தான் இன்றைக்கும் நீலின் முகம். சாயங்காலம் பஜாரில் புடலையும் வெண்டையும் பாகலும் கீரையும் தோட்டத்து மண் போகாமல் தரையில் விரித்த சாக்கில் கிடக்கும். ஸ்ரீ விஜயபுரம் போகிற படகில் காய்கறி மூட்டைகளும் பயணிகளோடு ஏறும். மீன் குழம்பில் கடுகு நெடி தூக்கலாக இருக்கும். நம் நாக்குக்கு ஒரு நாள் பழகினால் போதும், பிறகு அதையே கேட்கத் தோன்றும்.

இனி கனவு விஷயம். இப்படி ஒரு இடத்தில் தங்கினால் எல்லாருக்கும் வருகிற கேள்வி எங்களுக்கும் வந்தது. பாக்குத் தோப்புக்குள் ஓடு போட்ட ஒரு வீட்டைப் பார்த்து மனைவி, "ஏங்க, இங்கயே ஒரு வீடு பாத்து இருந்துருவமா?" என்றார். நான் அப்போதே வாடகை, வருமானம், மருந்து என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கணக்கை இன்னும் மூடவில்லை. ஆகவே இதை வெறும் ஆசையாக எழுதாமல் அலசியே சொல்கிறேன்.

குடியேறுவதற்கும் தூரமே தீர்மானிக்கிறது, ஆனால் இப்போது அது தீவுக்குள் உள்ள தூரம் அல்ல, தீவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரம். இரண்டு தீவிலும் அடிப்படை மருத்துவம் கிடைக்கும். அதற்கு மேல் என்றால் ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள ஜி.பி.பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அவசரத்துக்கு ஹெலிகாப்டர் ஏற்பாடு உண்டு. பெரிய சிகிச்சைக்குச் சென்னைதான், இடையில் சுமார் 1,350 கிலோமீட்டர் கடல். சுற்றுலா சீசனில் படகு பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் நிலைமை வேறு. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஹேவ்லாக்குக்கு ஓடும் படகுகளின் எண்ணிக்கை அதிகம் என்பதால் ஒன்று போனால் இன்னொன்று என்ற தைரியம் அங்கே கொஞ்சம் உண்டு. நீலில் அது குறைவு. ஸ்ரீ விஜயபுரம் படகுத்துறை அருகே டீக்கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணே, ஜூன்ல வந்து ஒரு மாசம் இருந்து பாருங்க, அப்புறம் வீடு தேடலாம்" என்றார். நாங்கள் பார்த்ததெல்லாம் வெயில் காலத்து நீல் மட்டும்தான். மழைக்காலத்தில் அங்கே வாழ்க்கை எப்படி நகரும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

வேலையைக் கையோடு எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு இன்னொன்று. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்தபின் அந்தமானின் இணையம் முன்பு போல் இல்லை. அந்தக் கேபிள் நேராகத் தொட்ட தீவுகளில் ஹேவ்லாக் உண்டு, நீல் இல்லை. நீலில் எங்கள் போனில் செய்தி அனுப்பவும் வாங்கவும் சிரமமில்லை. தினமும் வீடியோவில் கூட்டம் போடும் வேலைக்கு அதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன். நிலம் வாங்கும் எண்ணத்தையும் தள்ளி வையுங்கள். அங்குள்ள நிலத்தில் பெரும்பகுதி குடியேற்றத்தின்போது விவசாயத்துக்கென்று கொடுத்தது. கைமாற்றுவதும் பயன்பாட்டை மாற்றுவதும் நிர்வாகத்தின் அனுமதியைப் பொறுத்தவை. வாடகைக்கு இருப்பதுதான் நடக்கிற காரியம். படகுக் கட்டணத்திலும் தீவுவாசி அட்டை உள்ளவர்களுக்கு ஒரு விலை, வெளியாட்களுக்கு அதைவிடக் கூடுதல். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் நெருக்கடி வரும், அதைச் சிக்கனமாகப் புழங்கப் பழக வேண்டும்.

இத்தனையும் கூட்டிக் கழித்தால் குடியேற ஹேவ்லாக்கே மேல் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படகும் இணையமும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக, சீசன் முழுக்க வண்டிகளின் நடுவே வாழ எனக்கு விருப்பமில்லை. நானும் மனைவியும் இப்போது பேசிக்கொண்டிருப்பது மூன்றாவது வழி: குடியிருப்பது ஸ்ரீ விஜயபுரத்தில், மாதத்தில் சில நாட்கள் நீலில். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். ஸ்ரீ விஜயபுரத்தின் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசி முடிக்கலாம், முருகன் கோயில் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காலையில் படகேறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் நீலில் இருக்கலாம். வயதான பெற்றோர் உடன் இருப்பவர்களுக்கும், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

விடுமுறைக்கு மட்டும் போகிறவர்களுக்கு என் கணக்கு இது. ஐந்து இரவு கையில் இருந்தால் நீலுக்கு மூன்று, ஹேவ்லாக்குக்கு ஒன்று, ஸ்ரீ விஜயபுரத்துக்கு ஒன்று. முதலில் ஹேவ்லாக் போய் ராதாநகரில் ஆசை தீரக் குளித்துவிடுங்கள், பிறகு அங்கிருந்தே நீலுக்குப் படகு உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை கடல் பெரும்பாலும் அமைதி. நீலிலிருந்து திரும்பும் படகுக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவே ஒரு இரவாவது ஸ்ரீ விஜயபுரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படகு ஓடாமல் போனால் விமானத்தைத் தவறவிட நேரிடும், அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது.