முழங்கால் வலிக்கு டென்ஸ் மெஷின்: சில வருஷப் பயன்பாட்டில் தெரிந்தது

பிசியோதெரபி கிளினிக்கில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, அந்த மாதிரி வைத்தியத்தை வீட்டிலேயே செய்துகொள்ளும் சின்னக் கருவிதான் டென்ஸ். மூட்டுத் தேய்மான வலிக்காக என் பிசியோ சொல்லி வாங்கியது.

இது தேய்மானத்தை ஆற்றாது. மெஷின் ஓடும்போது வலி அடங்கும். அணைத்த பிறகு ஒரு மணி நேரம் போல அந்தச் சுகம் நிற்கும், சில நாள் அதுவும் இருக்காது. அந்த இடைவெளியில்தான் தொடைத்தசைப் பயிற்சியை முடித்துக்கொள்கிறேன். எனக்கு இதன் பயன் அவ்வளவே, ஆனால் அது சின்ன விஷயமில்லை.

1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் சொன்ன கோட்பாடுதான் இதற்கு அடிப்படை: தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டினால் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும். 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 துடிப்பு) பக்கம் வைத்தால் குறுகுறுவென்று ஓடும், எனக்கு ஒத்துக்கொண்டது அதுதான். 2 முதல் 4 ஹெர்ட்ஸில் தசை வெட்டி வெட்டித் துடிக்கும். சீரியல் பார்க்கையில் கால் தானாகத் துள்ளுவது யாருக்கு வேண்டும்! கரண்ட் நன்றாக உறைக்க வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், அப்போது ஒரு புள்ளி ஏற்றணும். தினமும் ஒரே அளவில் வைத்தால் பலன் தேய்கிறது என்பதால் வலி கூடும் நாளில் மட்டும் எடுக்கிறேன்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல், போதிய ஆதாரம் இல்லை என்று டென்ஸைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. என் அனுபவத்தை அதற்கு எதிர்ச்சாட்சியாக வைக்கமாட்டேன். மாத்திரை குறைந்தது, அதனால் வைத்திருக்கிறேன்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். யாராக இருந்தாலும் கழுத்தின் முன்பக்கம், புண், மரத்துப்போன தோல் மேல் ஒட்டக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

உண்மையான செலவு, தோலில் ஒட்டும் ஜெல் பேடில்தான். தைலம் தடவிய காலில் ஒட்டினால் ஜெல் அன்றோடு போச்சு. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் ஓரத்தைப் பிடித்து உரியுங்கள். காய்ந்த பேடில் கரண்ட் ஓரிடத்தில் குவிந்து சுள்ளென்று குத்தும், ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் கொஞ்ச நாள் ஓடும். வாங்குமுன், வயர் முனை ஊசி வகையா பட்டன் வகையா என்று பார்த்து, அதற்கான பேட் தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.