ஆட்டுப் பரணுக்கு பிளாஸ்டிக் தட்டு: வாங்கலாமா?

ஆடு நிற்கத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் தளம்தான் பரண். பலகைச் சட்டம் அடித்த பரணில் மூத்திரம் ஊறி ஆணி துருப்பிடிக்கும், பலகை உளுத்துப்போகும். துளையிட்ட பிளாஸ்டிக் தட்டில் அந்தத் தொல்லை இல்லை. புழுக்கை உடனே கீழே விழுவதால் மடி காய்ந்தே இருக்கும். பால் ஆட்டுக்கு இதுதான் பெரிய லாபம், மடிவீக்கம் குறையும்.

வாங்கும்போது தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் விலா மாதிரி ஓடும் தடிப்புகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஆள் நடுவில் ஏறி நின்றால் குழியக் கூடாது. குழிந்தால் தாங்கு சட்டத்தை இன்னும் நெருக்கிப் போட வேண்டிவரும், இரும்புச் செலவு கூடும். வளர்ந்த ஆட்டுக்குத் தட்டின் துளை இடைவெளி ஒன்றரை செ.மீ. போதும். பிறந்த குட்டிக்கு அதுவே ஆபத்து; குளம்பு மாட்டிக் கால் முறியும். குட்டி அறையில் சாக்கு விரித்து தினமும் மாற்றுங்கள்.

கடைக்காரர் சொல்லாத குறை ஒன்று: வழுவழுப்பில் குளம்பு தேயாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவியே ஆக வேண்டும். கழுவிய ஈரத்தோடு சினை ஆட்டை ஏற்றாதீர்கள், வழுக்கும்.

பரணைத் தரையிலிருந்து 4 அடி உயரமாவது வையுங்கள், குனிந்து கூட்ட முடியும். கீழ்த்தளத்துக்குச் சரிவு கொடுக்காவிட்டால் மூத்திரம் தேங்கி நெடி மேலேறும், ஆடு இருமும். வடியும் மூத்திரத்தைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து கத்தரிக்கு ஊற்றலாம். புழுக்கையை மட்கவைத்த பிறகே பாத்தியில் போடுங்கள்.

பத்து ஆட்டுக்கு மேல் என்றால் காசுக்குத் தகும். இரண்டு மூன்று ஆட்டுக்குப் பனஞ்சட்டமே போதும்.