இன்டர்நெஷனலா, தரம் ஆறில் ஆங்கில மூலமா?

பிள்ளையைச் சர்வதேசப் பாடசாலையில் விடுவதா, அரச பாடசாலையில் விட்டுத் தரம் ஆறில் ஆங்கில மூலத்துக்கு, அதாவது பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கிற வகுப்புக்கு, மாற்றுவதா? கொழும்பு வெள்ளவத்தையில் காலையில் ஸ்கூல் வானுக்குக் காத்து நிற்கிற அம்மாமாரிடம் இந்தப் பேச்சு ஓய்ந்ததே இல்லை. மூத்தவளை அரச பாடசாலையிலும் இளையவனை நேர்சரி முதல் இரண்டாம் வகுப்பு வரை சர்வதேசப் பாடசாலையிலும் படிப்பித்தவள் நான், அதனால் என் கணக்கைச் சொல்கிறேன்.

இளையவனின் பாடசாலை விளம்பரத்தில் 'இருமொழிக் கல்வி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே போனால் நேர்சரியிலிருந்து லண்டன் ஏ.எல். (பிரித்தானிய உயர்தரப் பரீட்சை) வரை எல்லாம் ஆங்கிலம்; தமிழ் வாரத்தில் இரண்டு பாடவேளை, அதுவும் விளையாட்டுப் போட்டி வந்தால் முதலில் வெட்டுப்படுவது. பிள்ளை ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேசினான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அம்மம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு வரித் தமிழை வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் போனை நீட்டினான். இது எந்த ஊர் இருமொழி?

அரச பாடசாலைகளில் தரம் 6 இலிருந்து ஆங்கில மூலம் 2002 இல் தொடங்கியது. தரம் 5 வரை எல்லாம் தமிழில்தான், புலமைப்பரிசில் பரீட்சையும் அப்படியே. அப்புறம் கணிதம், விஞ்ஞானம் போன்றவை ஆங்கிலத்துக்கு மாறும். தமிழ், சமயம், வரலாறு தமிழிலேயே இருக்கும். மூத்தவள் முதல் தவணை முழுக்க அழுதாள். ஒளித்தொகுப்பு என்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும், போட்டோசிந்தசிஸ் என்று எழுதத்தான் கை வரவில்லை. விஷயம் ஏற்கெனவே தலையில் இருந்ததால் ஒரு வருடத்தில் சமாளித்துவிட்டாள். டீச்சர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில் விளக்குவார், சில பெற்றோருக்கு அது குறை, எனக்கு அதுதான் நிறைவு. உண்மையான தலைவலி வேறு: ஆங்கில மூல வகுப்பு எல்லாத் தமிழ்ப் பாடசாலையிலும் இல்லை, இருக்கிற இடத்திலும் ஒரு டீச்சர் மாற்றலாகிப் போனால் மாதக்கணக்கில் வெற்றுப் பாடவேளை. டியூஷனும் தமிழ் மூலத்துக்குத் தெருவுக்கு நாலு, ஆங்கில மூலத்துக்குத் தேடி அலைய வேண்டும்.

காசைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாடப்புத்தகமும் இலவசம், மறுபக்கம் அனுமதிக் கட்டணம், தவணைக் கட்டணம், போதாததற்குப் பிரித்தானியப் பவுண்டின் மதிப்போடு ஏறுகிற லண்டன் பரீட்சைக் கட்டணம். 2022 இல் ரூபாய் விழுந்தபோது பக்கத்து வீட்டு அக்கா பட்ட பாட்டைப் பார்த்தேன்.

பிள்ளை எந்தப் பரீட்சை எழுதப் போகிறது என்பதைத்தான் சேர்க்கும்போதே கேட்க வேண்டும். இங்கே அரச பல்கலைக்கழகம் என்றால் உள்ளூர் உயர்தரப் பரீட்சையும் அதன் பெறுபேற்றை ஒப்பிட்டுக் கணிக்கிற இசட் புள்ளியும்தான் பிரதான வழி. சில சர்வதேசப் பாடசாலைகள் உள்ளூர்ப் பாடத்திட்டத்தையும் ஆங்கிலத்தில் நடத்துகின்றன, ஆனால் எல்லாம் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் கனடா போகிற குடும்பம் என்றால் நான் சொன்னது எதுவும் பொருந்தாது, இன்டர்நெஷனலிலேயே விடுங்கள்.

இளையவனைத் தரம் 3 இல் தமிழ் மூலத்துக்கு மாற்றினோம். இடம் எடுக்க அலைந்தது தனிக் கதை. இன்னும் ளகரமும் ழகரமும் குழம்புகிறது. ஏழு வயது என்பதால் துணிந்தேன்; பதினாலு வயது என்றால் தொட்டிருக்கவே மாட்டேன், அடுத்து வருகிற ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழி கட்டாயப் பாடம்.